இன்னும் ஒரு மாத்திரை

தி. நகரில் லைனிங் துணியும் ரவிக்கைத் துண்டும் விற்கும் நல்லசிவத்துக்கு, தன் மனைவிக்கு என்ன ஆயிற்று என்று யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. கல்லாவில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த சரோஜாதேவி ஐப்பசி மழையில் பேச்சைக் குறைத்தாள். தை பிறப்பதற்குள் சோற்றையும் விட்டுவிட்டாள். தண்ணீர்த் தம்ளரை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டாள். மனசுக்கென்று கொடுத்த மாத்திரைகள் எதுவும் எடுபடவில்லை.

"இனியும் தள்ளிப்போட்டா ஆளே மிஞ்ச மாட்டாங்க சார். தலைக்குக் கரண்ட் வைக்கிற ட்ரீட்மெண்ட்தான் வழி" என்றார் அடையாறு ஆஸ்பத்திரியின் மனநல டாக்டர் நீரஜா. நல்லசிவம் கையெழுத்துப் போட்டார். கடை ஆட்களிடம் ஸ்கேன் எடுக்கப் போவதாகச் சொல்லிவைத்தார்.

மயக்க ஊசி போட்டுத்தான் செய்தார்கள். அவர் பயந்த மாதிரி அலறல் எதுவும் வெளியே கேட்கவில்லை. சில தடவைகளிலேயே பலன் தெரிந்தது. ஒருநாள் காலையில் அவளாகவே, "காப்பியில சீனி பத்தல" என்றாள். நல்லசிவம் அடுப்படிக்குள் போய், சீனி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார்.

ஆனால் தலைவலி அவளைப் பிய்த்து எடுத்தது. சிகிச்சை முடிந்து ஆட்டோவில் திரும்பும்போதே ஆரம்பித்துவிடும். நந்தனம் சிக்னலில் ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் உடம்பு தூக்கிப்போடும். முந்தானையை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "மண்டையை உரல்ல போட்டு இடிக்கிற மாதிரி இருக்குங்க. இனி என்னை அங்க கூட்டிட்டுப் போகாதீங்க" என்பாள்.

டாக்டர் சாதாரணக் காய்ச்சல் மாத்திரைதான் எழுதிக் கொடுத்திருந்தார். "கேக்கலைன்னா எனக்கு போன் பண்ணுங்க. நீங்களா எதுவும் வாங்கிக் குடுத்துடாதீங்க" என்றும் சொல்லியிருந்தார். வலி அதற்கு அடங்கவில்லை. நல்லசிவம் போனை எடுத்தார், வைத்தார். தலைவலி என்று சொல்லப்போய் சிகிச்சையையே நிறுத்திவிட்டால்? சீனி பத்தல என்ற குரல் மறுபடியும் அடங்கிப்போய்விட்டால்? தெருமுனை மருந்துக் கடையில் மூட்டுவலிக்குக் கொடுக்கும் வீரியமான மாத்திரையை வாங்கி வந்தார்.

அது வேலை செய்தது. அன்று மத்தியானம் அவள் முகம் தெளிந்து தூங்கினாள். அடுத்த சிகிச்சைக்கு முரண்டு பிடிக்காமல் வந்தாள்.

சிகிச்சை அவள் ஞாபகத்திலும் ஓட்டை போட்டிருந்தது. மாத்திரையை விழுங்கிவிட்டுச் சற்று நேரத்தில், "எனக்கு ஏன் ஒண்ணும் தர மாட்டேங்கிறீங்க?" என்பாள்.

"இப்பத்தான குடுத்தேன் சரோஜா."

"பொய் சொல்லாதீங்க. தலை வெடிக்குது. நான் கெடந்து துடிக்கிறதைப் பாக்கணுமா உங்களுக்கு?"

முதலில் மறுத்தார். பிறகு, அவள் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வதைப் பார்க்கச் சகிக்காமல் இன்னொன்றைக் கொடுத்தார். சிகிச்சைக்காகக் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத வெறும் வயிறு என்பது அவருக்கு உறைக்கவில்லை. மகள் மதுமதி தரமணி ஆபீஸிலிருந்து வந்ததும் அம்மா அவளிடமும் கேட்டாள். அப்பா கொடுத்தது தெரியாமல், மேஜையில் கிடந்த அட்டையிலிருந்து அவளும் ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தாள்.

இப்படியே போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜாதேவி குளியலறை வாசலில் சரிந்து விழுந்தாள். வாந்தியில் காப்பித்தூள் நிறத்தில் ரத்தம்.

வயிற்றில் புண் உடைந்திருந்தது. ரத்தம் ஏற்றினார்கள். நல்லசிவம் டாக்டர் நீரஜாவிடம் அட்டையை நீட்டி, தான் வாங்கியது என்றார்.

"ஏன் சார் எனக்குச் சொல்லல?"

"நிறுத்திருவீங்களோன்னு பயந்துட்டேம்மா."

"மனசுக்கு இப்பவும் குடுக்கிற மாத்திரையோட இது சேர்ந்தா ரத்தம் கசியும். தலைவலிக்கு எங்ககிட்ட வேற வழி இருந்துச்சு சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் நல்லசிவத்துக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

புண் ஆறும்வரை சிகிச்சையை நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. எதற்குப் பயந்தாரோ அது அவர் கையாலேயே நடந்தது. சரோஜாதேவி மறுபடியும் பேச்சை விட்டாள், பல்லைக் கடித்தாள். மதுமதி அப்பாவிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தானும் ஒரு மாத்திரை கொடுத்தவள் என்பது அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மாசி முடியும்போது மீண்டும் தொடங்கினார்கள். இந்தத் தடவை, மயக்க ஊசிக்கு முன்பே வயிற்றைக் கெடுக்காத வலிமருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். வலி பாதியாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. மாத்திரைகளை மதுமதி பீரோவில் வைத்துப் பூட்டினாள். கொடுக்கிறவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அந்த வேலையைத் தானே செய்வதாகச் சொல்லி நல்லசிவம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ரத்த வாந்தி எடுத்தது சரோஜாதேவிக்கு நினைவில்லை. சொன்னார், மறந்தாள், மறுபடியும் சொன்னார்.

பங்குனி வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். "ஏங்க, ஒரு மாத்திரை."

"குடுத்தாச்சு. இனி பொழுது சாஞ்சப்புறம்தான்."

"குடுக்கல."

"குடுத்தேன்மா. இப்ப தர மாட்டேன்."

"கல்நெஞ்சுக்காரன்! உன்னைக் கட்டி என்ன சொகத்தக் கண்டேன்? நாய்கூடப் பொழைக்காது உங்கிட்ட!"

இத்தனை வருஷத்தில் அவள் அவரை ஒருமையில் பேசியதில்லை. நல்லசிவம் ஜன்னலைச் சாத்தி, துண்டை நனைத்துப் பிழிந்து அவள் நெற்றியில் போட்டார். அவள் தட்டிவிட்டாள். எடுத்து மறுபடியும் போட்டார். அவள் அவருடைய அம்மாவைத் திட்டினாள், கடையைத் திட்டினாள், கண்ணை மூடிக்கொண்டும் திட்டினாள். வலியில் அசந்து அவளுக்குத் தூக்கம் வரும்வரை அவர் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார்.