இரண்டாம் பாடம்

அந்தச் சீர்திருத்த இல்லத்தில் பையன்களுக்கு வயது ஏறவில்லை. முதலில் அதைக் கண்டுபிடித்தவர் தையல்காரர். வருஷம்தோறும் சீருடைக்கு அளவெடுக்க வருகிறவர், அளவு மாறாததைப் பார்த்து டேப்பைச் சந்தேகப்பட்டுப் புது டேப் வாங்கினார். அதுவும் அதையே சொன்னது. பிறகு அளவெடுப்பதையே விட்டுவிட்டுப் பழைய அளவுக்கே வெட்டினார். மேலதிகாரிகளுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. துணி மிச்சமானது.

காரணம் ஊரறிந்ததுதான். புதுப் பையன் ஒருவன் உள்ளே வரும்போதெல்லாம் வாத்தியார் கரும்பலகையைத் துடைத்துவிட்டு முதல் பாடத்திலிருந்து ஆரம்பிப்பார். வாரம் தவறாமல் யாராவது வந்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் பாடத்தை அங்கே ஒருவரும் கண்டதில்லை. படிப்பு நகராத இடத்தில் வயது மட்டும் எப்படி நகரும்? பதினெட்டு முடிந்தால்தான் வெளியே விடுவார்கள். சைக்கிள் திருடி வந்ததால் சைக்கிள் என்றே பேராகிவிட்ட பையன் பதின்மூன்றில் நின்றான். அவனுடைய அம்மா மாதாமாதம் வந்து, கம்பிவலைக்கு வெளியே நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"என்னப்பா பாடம் நடக்குது?"

"முதல் பாடம்மா."

அவள் தலை நரைத்தது. கூடவே வந்த தங்கை வளர்ந்து, கல்யாணமாகி, மகனை இடுப்பில் தூக்கிவந்தாள். அந்த மகனும் வளர்ந்து, வலைக்கு அந்தப் பக்கம் நின்று மாமனோடு உயரம் பார்த்த அன்றைக்குத்தான் எல்லோருக்கும் பகீரென்றது. சைக்கிள் அன்று சாப்பிடவில்லை.

வாத்தியாருக்கு மட்டும் வயது ஏறி ஓய்வு வந்தது. புதிதாக வந்த டீச்சர் பையன்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, "நீ எதுவரைக்கும் படிச்சிருக்க?" என்று கேட்டார். அங்கே யாரும் யாரையும் அப்படிக் கேட்டதே இல்லை.

"முதல் பாடம் மனப்பாடம் டீச்சர்" என்றான் சைக்கிள்.

"அப்ப ரெண்டாவதைத் திற."

பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன. டீச்சர் ஸ்கேலை விட்டுப் பிரித்தார். சைக்கிள் எழுத்துக்கூட்டி மூன்றாவது வரிக்கு வருவதற்குள் சட்டையின் மேல் பொத்தான் தெறித்து, வாசலில் நின்ற இல்லக் கண்காணிப்பாளர் காலடிவரை உருண்டது. அடுத்த வரியில் குரல் உடைந்து கட்டையானது.

"யாரைக் கேட்டும்மா ரெண்டாம் பாடம் எடுத்தீங்க?" என்றார் கண்காணிப்பாளர்.

"புத்தகத்துல இருக்கு சார்."

பின்னக் கணக்குக்கு வந்தபோது சைக்கிளுக்கு மீசை அரும்பியது. தையல்காரர் டேப்போடு ஓடிவந்தார்.

அடுத்த மாதம் அம்மா வருவதற்குள் புத்தகமும் முடிந்தது, அவனுக்குப் பதினெட்டும் முடிந்தது. கதவைத் திறந்துவிட்டார்கள். எதிரே நின்ற இளைஞனை அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"யாருப்பா நீ?"

"நான்தாம்மா."

அவள் அவன் தாடையைத் தடவினாள். பிறகு, "ரெண்டாம் பாடம் நடத்திட்டாங்களா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். காதோரம் நரைத்திருந்த தங்கை, "வாண்ணா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.