முகம் கொடுத்துப் பேசியவர்

டிவி மெக்கானிக் தட்டையாகிப்போனதை அவர் மனைவி கவனிக்கவே ஒரு வாரம் பிடித்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்தே அவர் முகம் கொடுத்துப் பேசியவரல்ல. எதைக் கேட்டாலும் டிவியைப் பார்த்தபடி ஒரு 'ம்', அதோடு சரி. பக்கவாட்டு முகத்தோடு குடும்பம் நடத்திப் பழகியவளுக்கு, மறுபக்கம் இல்லாமலே போனது எப்படித் தெரியும்? சட்டை தைக்க அளவெடுத்த அன்றுதான் தெரிந்தது; தையல்காரியான அவளுடைய டேப்புக்குள் சுற்றளவு என்று எதுவும் அகப்படவில்லை. நேரே நின்று பார்த்தாள். கணவர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு நின்றது.

காரணம் தெருவுக்கே தெரிந்ததுதான். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத பழைய வீடியோ கேம் பெட்டி, அதற்குள் ஒரு சண்டைக் கேசட். அதில் ஆட்கள் இடமும் வலமும் நகர்வார்கள், குதிப்பார்கள், உதைப்பார்கள். வேறு திசை கிடையாது. ஆடிப் பார்த்தவர்கள் சொற்பம், அவர்களும் அதன் பெயரை மறந்துவிட்டார்கள். விற்ற கடைக்காரரே அப்படி ஒன்று வந்ததா என்று கேட்டாராம். மெக்கானிக் மட்டும் டெஸ்ட் பண்ணுவதாகச் சொல்லி உட்கார்ந்தார். டெஸ்ட் வருஷக்கணக்கில் நடந்தது. கடைசி எதிராளியிடம் தோற்றுத் தோற்று, மனிதர் கனமே இல்லாமல் போய்விட்டார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தன வருஷத்துல என் மூஞ்சிய ஒரு தடவ பாத்துருக்கீங்களா?" என்று கத்தினாள். சட்டென்று அவர் அவள் பக்கம் திரும்பினார். சமையலறைக்குப் போனாள், அங்கே திரும்பினார். கொல்லைக்குப் போனாள், அங்கேயும். அந்த விளையாட்டின் விதி அப்படி: சண்டை போடுபவன் எதிராளியை விட்டு முகத்தைத் திருப்பக் கூடாது. முகம் நூல் கனம்தான். ஆனால் தினமும் ஊசியில் நூல் கோக்கும் கண்ணுக்கு அது தாராளம்.

அதன்பின் அவள் காலையில் எழுந்ததும் ஏதாவது ஒரு சண்டையைத் தொடங்கிவிடுவாள். அவரும் விடாமல் பதில் சொல்வார். மனம்விட்டுப் பேசும் தம்பதி என்று பக்கத்து வீட்டார் பொறாமைப்பட்டார்கள். சுவரை ஒட்டிய டிவிகளுக்குப் பின்னால் அவரே நழுவிப் போனதால் தொழிலும் கெடவில்லை. மின்விசிறி மட்டும்தான் வில்லங்கம்; போட்டால் பறந்துபோய் பீரோமேல் ஒட்டிக்கொள்வார். ஒருநாள் ஜன்னல் வழியாகவே போகப் பார்த்தார். அவள் பயந்துபோனாள்.

எல்லாம் தெரிந்த அவள் தம்பி வந்து, தோற்றுத் தட்டையானவர் ஜெயித்தால் நிமிர்ந்துவிடுவார் என்றான். அவர் விரலுக்குப் பட்டன் அமுங்காது, அக்காதான் ஆடவேண்டும். ஆடினாள். தையல் மிஷினில் கையும் காலும் சேர்ந்து ஓடிப் பழகியவள், சீக்கிரமே கடைசி எதிராளி வரை வந்துவிட்டாள். இன்னும் ஒரு உதைதான் பாக்கி. ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுக் கேட்டாள்:

"முழு ஆளா ஆயிட்டா, மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பிக்குவீங்களா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது.

"திரும்பிக்குவேன்னுதான் தோணுது. பழக்கதோஷம்." பிறகு, "உதைக்காத. விட்டுடு" என்றார்.

அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அந்த உதை இன்றும் திரையில் பாதியில் நிற்கிறது, மேலே ஒரு துணி போர்த்தியிருக்கிறது. அந்த வீட்டில் மின்விசிறி ஓடுவதில்லை. கோடையில் போகிறவர்கள் வியர்த்து வழிய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குழாயை யார் மூடவில்லை என்று அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.