டெலிபோன் கூண்டில் தொங்கிய பூட்டு

கடைவீதி முனையில் நின்ற டெலிபோன் கூண்டை யாரும் சீந்தி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி தூரம் என்பதால், நின்றுபோன இதயத்தை மின்சாரம் கொடுத்து ஓட வைக்கும் கருவியை அதில் வைக்கலாம் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. மாட்டிக் கொடுத்த எலக்ட்ரீஷியன் தலையிலேயே பொறுப்பும் விழுந்தது. அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் அந்தக் கருவி, மூடியைத் திறந்தால் இன்னின்ன செய் என்று தானே பேசும். அதைக் கேட்கவே பிள்ளைகள் திறந்து திறந்து விளையாடினார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர் ஒரு நாள் கோபத்தில் கூண்டின் கண்ணாடிக் கதவைப் பூட்டிவிட்டார்.

"அவசரம்னா என்ன பண்றதாம்?" என்றாள் மனைவி.

"நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்? கூப்பிட்டா வர்றேன்."

அவர் வயர் வாங்க டவுனுக்குப் போயிருந்த காலையில் பஸ் டிரைவர் தன் வீட்டு வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுந்தார். சாவியோ எலக்ட்ரீஷியனின் சட்டைப்பையில்.

திரும்பி வந்தவரைக் கூண்டைச் சுற்றிச் சிதறிய கண்ணாடிதான் வரவேற்றது. டிரைவர் பிழைத்துக்கொண்டார் என்றார்கள். ஆனால் கதவை உடைப்பதற்குள் மூளைக்கு ரத்தம் நின்றுபோனதால், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது பேச்சு குழறியது, இனி பஸ் ஓட்ட முடியாது. எலக்ட்ரீஷியன் கண்ணாடியைக் கண்ட அன்றே பூட்டைப் பிடுங்கி எறிந்திருந்தார்.

யாரும் குறை சொல்லவில்லை. "நீங்க மிஷினை மாட்டலைன்னா ஆளே இல்லண்ணே," என்று பேக்கரிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாராட்டு சுருக்கென்று தைத்தது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிரைவர் வீட்டுப் பக்கம் தலைவைக்காமல் சுற்றுவழியில் போய் வந்தார்.

கடைசியில் மனசு கேட்காமல் ஒரு மாலை அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்த டிரைவர் மனைவியின் கையில் கட்டு.

"பூட்டினது நான்தாம்மா."

"தெரியும்ணே. உடைச்சது நான்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "கதவு திறந்து கிடந்திருந்தா இவரு இப்ப நல்லாப் பேசிட்டிருப்பாரா?"

அவள் குரலில் கோபமில்லை.

"பேசியிருக்கலாம்மா."

"எல்லாரும் பூட்டால ஒண்ணும் ஆகலன்னுதான் சொல்றாங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலண்ணே. கடைக்குப் போயிட்டு வந்துடறேன். அவர்கூடப் பேசிட்டிருங்க. பேசப் பேசத்தான் வாய் திருந்துமாம்."

உள்ளே டிரைவர் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தார். உதட்டோடு வெகுநேரம் போராடி, "க... கரண்டு! வா!" என்றார். சின்ன வயதிலிருந்து அவர் கூப்பிடும் பட்டப்பெயர்.

எலக்ட்ரீஷியன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.

"வந்துட்டேண்டா," என்றார். "நாளைக்கும் வர்றேன்."