ஜாங்கிரி வாங்கப் போன வழியில்

துளசிங்கம் செல்போன் வாங்கியது தொண்ணூற்றேழில். அவருக்குத் தெரிந்து பொழிச்சலூரில் அப்போது இரண்டு பேரிடம்தான் அது இருந்தது. ஒருவர் அவர், இன்னொருவர் அவர் மனைவி தனக்கோடியின் அண்ணன் குப்புராஜ். வேறு யாரைக் கூப்பிடுவது? அடுத்த தெருவில் இருக்கும் மச்சானைக் கூப்பிட்டு, குழாயில் தண்ணீர் வந்ததா என்று விசாரிப்பார்.

பம்மலில் அவருக்கு சிமெண்ட் கடை. ஸ்கூட்டரை உதைக்கும்போதே செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். தலையைச் சாய்த்துக்கொண்டே போகிறவரைப் பார்த்து, கழுத்துச் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் சொன்னவர்கள்கூட உண்டு. தனக்கோடி பலமுறை கண்டித்தாள். பேசுவது வாய், கேட்பது காது, கண் ரோட்டில்தானே இருக்கிறது என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் பேபியைப் பெண் பார்க்கத் தாம்பரத்திலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளை ஸ்ரீநிவாசன் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். அப்பா இல்லை, அம்மா ரத்தினபாய் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அவர்களைத் தன் வேனில் அழைத்துவரக் குப்புராஜ் விடிந்ததுமே கிளம்பிவிட்டார். எல்லாம் தயாரான பிறகுதான் இனிப்பு வாங்கவில்லை என்பது தனக்கோடிக்கு உறைத்தது. துளசிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்மலுக்கு ஸ்கூட்டரை விட்டார்.

அவர்கள் வருவதற்குள் ஜாங்கிரியோடு திரும்பிவிட முடியுமா என்று தெரியவேண்டும். ஓட்டிக்கொண்டே மச்சானைக் கூப்பிட்டார். குப்புராஜும் ஓட்டிக்கொண்டேதான் எடுத்தார்.

"எங்க மச்சான் வந்துகினு கீற?"

"பம்மல் தாண்டிட்டேன். நீ எங்க கீற?"

பதில் சொல்ல வாயெடுத்தவருக்குப் போனுக்குள் ஒரு ஹாரன் கேட்டது. அதே ஹாரன் ரோட்டிலும் கேட்டது. இதென்ன விசித்திரம் என்று அவர் யோசித்த அந்த நொடியில், வளைவில் கீரைக்கூடையோடு ஒரு பெண் முன்சக்கரத்துக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தாள்.

ஹேண்டில்பாரை ஒடித்தார். ஸ்கூட்டர் எதிரே வந்த வேனின் பக்கவாட்டில் உரசி, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் அவரைத் தள்ளிவிட்டுச் சாய்ந்தது. செல்போன் சாக்கடைக்குள் போயிற்று. வேன் குலுங்கி நின்றது.

கதவைத் திறந்துகொண்டு முதலில் குதித்தவன் ஸ்ரீநிவாசன். நேராக அந்தப் பெண்ணிடம் ஓடி, அடிபட்டதா என்று கேட்டான். அவள்மேல் ஒரு கீறல்கூட இல்லை. அதன் பிறகுதான் மணலில் கிடந்தவரைத் தூக்கி உட்காரவைத்தான். துளசிங்கத்துக்கு முட்டி தேய்ந்து ரத்தம் கசிந்தது.

கீரைக்காரி முனியம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளோ சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உன் கண்ணு என்னாண்டதான் இருந்துச்சி. நான் பாத்துகினேதான் நின்னேன். நான் உனக்குத் தெரியவே இல்லியாபா?"

பொய் சொல்ல வரவில்லை. "தெரியலமா" என்றார். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்குப் புரிந்தது. திறந்த கண்ணோடு ஒரு முழு மனுஷியைப் பார்க்காமல் வந்திருக்கிறோம். ஒரு முழம் தவறியிருந்தால் இன்றைக்கு இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கக்கூட முடியவில்லை. மணலில் உட்கார்ந்தபடியே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ரத்தினபாய் வேனிலிருந்து இறங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் அப்பா மணலில், தாய்மாமன் திருட்டு முழியோடு. சம்பந்தம் சாக்கடையில் போன செல்போனோடு போயிற்று என்று துளசிங்கம் முடிவுகட்டிவிட்டார். எங்கே கிளம்பினீர்கள் என்று ஸ்ரீநிவாசன் கேட்க, கூச்சத்தோடு ஜாங்கிரி என்றார். அவன் சிரித்துவிட்டு, நடந்தே போய் ஒரு கிலோ வாங்கிவந்தான்.

வீட்டில் தனக்கோடி நடந்ததைக் கேட்டாள். அவள் பார்த்த பார்வையே போதும். பேபி காபி கொடுக்கும் முன் அப்பாவின் முட்டியைக் கழுவி மருந்து போட்டாள். மாப்பிள்ளையே வாங்கிவந்த ஜாங்கிரியை மாப்பிள்ளைக்கே தட்டில் வைத்து நீட்டும்போது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனுக்கும்தான். ரத்தினபாய் மட்டும் அளவாகப் பேசினாள். கலந்து பேசிப் பதில் சொல்லி அனுப்புவதாகக் கூறிவிட்டு எழுந்துகொண்டாள்.

அவர்களை ஏற்றிக்கொண்டு குப்புராஜ் போனார். மாப்பிள்ளைதான் முதலில் கீரைக்காரம்மாவிடம் ஓடினான் என்று அப்பா சொன்னதைக் கேட்டு, தனக்குச் சம்மதம் என்று பேபி அம்மாவின் காதில் போட்டுவிட்டாள். இதைக் கேட்டதும் துளசிங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரத்தினபாய் வழியில் என்ன சொன்னாள் என்று தெரியவேண்டுமே. வீட்டு போனை எடுத்து மச்சானின் எண்ணைச் சுழற்றினார். வண்டி இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பது அடுத்த முனையில் மணி அடித்த பிறகே மண்டையில் ஏறியது. வைத்துவிடலாம் என்று ரிசீவரை இறக்கும்போது யாரோ எடுத்தார்கள். ரத்தினபாய். வண்டி கிளம்புமுன்பே குப்புராஜின் செல்போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அவரு வண்டி ஓட்டிகினு கீறாரு சம்பந்தி. எங்கள வூட்ல வுட்டுட்டுப் பேசுவாரு."

போன் வைக்கப்பட்டுவிட்டது. துளசிங்கம் ரிசீவரைக் கையில் பிடித்தபடி தனக்கோடியைப் பார்த்தார்.

"சம்பந்தின்னு கூப்ட்டாங்கடி" என்றார்.