பதினொரு சென்டிமீட்டர்

என் முதுகுவலிதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

வியாழக்கிழமை மதியம் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பட்டறைக்குப் போயிருந்தேன். பலவீனமான இதயத்துக்குத் துணையாக ஓடும் சின்ன பம்ப் ஒன்றைப் பதினான்கு வருடமாக உருவாக்கிவருகிறேன். வரும் திங்கட்கிழமை முதன்முறையாக ஒரு மனிதரின் நெஞ்சைத் திறந்து அதை வைப்பதாக ஏற்பாடு. பேட்டரியை இடுப்பில் மாட்ட ஒரு கொக்கி வேண்டியிருந்தது. பட்டறையைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் அண்ணன் என்போம். அவர் வரைந்துவைத்த கொக்கியைப் பார்க்க மேஜைமேல் குனிந்தேன். இடுப்புக்கு மேலே இடப்பக்கம் சுருக்கென்று பிடித்தது. ஐந்து வருடமாக வராத வலி.

"இந்த மேஜை எங்கேர்ந்து வந்துச்சு?"

"உங்களோடதுதான் மேடம். பம்பைச் சோதிக்க ஆடுங்களைப் படுக்க வச்சது. குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சுன்னு ஒரே சத்தம் போட்டீங்களே. அப்புறம்தானே உயரமா ஒண்ணு வாங்கினோம்?"

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. அவரிடம் டேப்பை வாங்கி அளந்தேன். மாடிக்கு ஓடிப்போய்ப் புது மேஜையையும் அளந்தேன். பதினொரு சென்டிமீட்டர் வித்தியாசம்.

விஷயம் எளிது. ஆட்டின் இரத்தக்குழாயிலிருந்து உப்புநீர் நிரம்பிய மெல்லிய குழாய் ஒன்று சுவரில் திருகிய அழுத்தமானிக்குப் போகும். மானி இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் குழாயில் நிற்கும் நீரின் கனமும் சேர்ந்து, அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். முதலாண்டு மாணவருக்கே தெரிந்த சங்கதி. பம்ப் இல்லாத எட்டு ஆடுகளைப் பழைய மேஜையிலும், பம்ப் வைத்த எட்டு ஆடுகளைப் புது மேஜையிலும் அளந்தோம். ஓடும் பம்பை நிறுத்தினால் இரத்தம் உறைந்துவிடும் என்பதால் ஒரே ஆட்டில் இரண்டையும் ஒப்பிடவில்லை. மேஜை உயர்ந்தது. மானி சுவரில் அதே இடத்தில் இருந்தது.

யாரும் ஏன் அதை நகர்த்தவில்லை? அதன் கீழே இன்றும் என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "தொட்டால் தொலைத்துவிடுவேன்."

அண்ணன் மூச்சு வாங்க மாடியேறி வந்து, சீட்டையும் என்னையும் பார்த்தார்.

"அன்னிக்கே கேட்டேன் மேடம். மேஜை மாறுதே, இதையும் கொஞ்சம் ஏத்திடவான்னு. உங்க வேலையைப் பாருங்கன்னுட்டீங்க."

சொல்லியிருப்பேன். என் வாய் அப்படி.

கணக்கை மனசுக்குள் போட்டுவிட்டேன்; நம்பத்தான் முடியவில்லை. சாயங்காலம், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணவரிடம் கேட்டேன். கணக்கு வாத்தியார். சிவப்புப் பேனாவாலேயே போட்டார். "பதினோரு சென்டிமீட்டர் தண்ணின்னா, பாதரசக் கணக்குல எட்டு மில்லிமீட்டர். உன் பம்ப் அழுத்தத்தை எவ்வளவு ஏத்துச்சுன்னு எழுதியிருக்கே?"

"ஒம்பது."

"அப்போ இத்தனை வருஷமா நீ பம்ப் செய்யலை, மேஜைதான் செஞ்சிருக்கே" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடிவைத்தார். "சரி, அவசரப்படாதே. திங்கக்கிழமை முடியட்டும். பம்ப் கெடுதல் ஒண்ணும் பண்ணாதுல்ல?"

"நெஞ்சைப் பிளக்கணும்ங்க."

பேசாமல் விட்டுவிடும் ஆசை எனக்கும் வந்ததை மறைக்க மாட்டேன். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அண்ணனுக்குத் தெரியும். ஆனால் ஒரு முறை அதட்டி அடக்கியவரை இன்னொரு முறை அடக்குவதா கஷ்டம்? அந்த நினைப்பு வந்ததும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை அறுவை மருத்துவருக்கு போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அறுவையை நிறுத்திவிட்டார். "நோயாளிகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

நோயாளி ஒரு தையல்காரர். மாற்று இதயத்தைத் தாங்காத உடம்பு. பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். போன வாரம் என்னைப் பார்த்த பார்வையிலேயே, "உங்க இடது தோள் ஒரு விரல் இறக்கம்மா" என்று சொன்ன மனிதர். நான் வார்டுக்குப் போனபோது அவர் மனைவி, அறுவை முடிந்து கண்விழித்ததும் அவர் போட்டுக்கொள்ள அவரே தைத்த, முன்பக்கம் திறக்கும் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

மேஜையைப் பற்றியும் அந்த ஒன்பது, எட்டுக் கணக்கையும் சொன்னேன். தையல்காரருக்கு உடனே பிடிபட்டது.

"ஆளைப் படி மேல நிக்க வச்சிட்டு, தரையிலேர்ந்து அளவு எடுத்துட்டீங்க."

"ஆமாங்க."

விரல்விட்டு எண்ணினார். "ஒம்பதுல எட்டு போனா ஒண்ணு மிச்சம் இருக்குல்ல? அது போதும்மா. வச்சிடுங்க."

அந்த ஒன்று, ஆடு மூச்சு விடும்போதே ஏறி இறங்குகிற அளவு. அதுவும் கிடையாது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பதினான்கு வருடத்தில் நான் குரல் உயர்த்தாமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

"பேசாம இருந்திருக்கக் கூடாதா?" என்றார் அவர் மனைவி. "திங்கக்கிழமை வரைக்குமாவது இந்த மனுஷன் சந்தோஷமா இருந்திருப்பாரு."

"சும்மா இரு. துணியை வெட்டறதுக்கு முன்னாடியே வந்து சொன்னாங்கள்ல" என்றார் அவர். பிறகு எனக்கு முதுகைக் காட்டி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் மனைவி சட்டைகளை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து வெளியே எடுக்க ஆரம்பித்தார். நான் கிளம்பத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.