கேமராவை மறைத்த வேங்கை

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நிற்கும் வரிசை இருக்கிறதே, அதன் வாலில் நிற்கும் டிரைவருக்கு இன்று கல்யாணம் நிச்சயமானால், துறைமுக வாசலை எட்டுவதற்குள் பேரன் பிறந்துவிடுவான். அந்த வரிசையை நம்பித்தான் சங்கமித்ரா மும்பை ஹெட்ஜ் ஃபண்ட் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள்.

பெரும் பணக்காரர்களின் பணத்தை வாங்கி, பங்குச் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் லாபம் காட்டுவதாகச் சத்தியம் செய்யும் கம்பெனி அது. உள்ளே நுழைய வெளிநாட்டுப் படிப்பு வேண்டும்; குறைந்தபட்சம் வெளிநாட்டு மாமனாராவது வேண்டும். வியாசர்பாடிக்காரியான இவளிடம் இருந்தது கண்டெய்னர் யார்டில் சாஃப்ட்வேர் எழுதிய அனுபவமும், சொந்தச் சம்பளத்தில் பங்கு வாங்கிச் சூடுபட்ட விரல்களும்தான். திருவொற்றியூரில் அத்தை பச்சையம்மாவின் மொட்டைமாடியில் ஒரு கேமராவைப் பொருத்தினாள். அது லாரிகளை எண்ணும். சாலை நிரம்பினால் கப்பல் கம்பெனிப் பங்கு ஏறும், காலியானால் இறங்கும் என்று அவளுடைய புரோகிராம் தினமும் காலையில் தானாகவே மும்பைக்குச் சொல்லிவிடும். ஒரு வாரச் சோதனை. கடைசி நாளான வெள்ளிக்கிழமையும் சரியாகச் சொன்னால் வேலை.

"சீட்டு கம்பெனியாடி? சுருட்டிகினு ஓடிப்பூடுவானுங்க," என்றாள் அத்தை.

"ஓடமாட்டாங்க அத்த. ஏசி ரூம்ல குந்திகினே தோப்பாங்க."

வெள்ளிக்கிழமை காலை போனைத் திறந்தாள். 'லாரிகள்: பூஜ்யம். பங்கு இறங்கும்.' தகவல் மும்பைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.

அத்தை வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் பறந்தாள். அதாவது, அந்தப் பூஜ்யம் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தாள். வந்து சேர்வதற்குள் சந்தை திறந்து வெகுநேரமாகியிருந்தது.

வடசென்னைப் பக்கம் ஒருவர் பாஸானால் பேனர். பாஸாகப் போகிறார் என்று காற்றுவாக்கில் கேட்டாலே பேனர். அப்பா அப்பாவுவும் ஃப்ளெக்ஸ் கடை ஸ்டானிஸ்லாஸும் மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டிய பேனரைப் பாய்மரமாக்கினால் ஒரு கப்பலே இலங்கைக்குப் போய்விடும். 'பங்குச் சந்தையைப் பந்தாடும் வடசென்னை வேங்கையே!' கேமராவுக்கு நேர் எதிரே அவளே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பக்கமும் அடிச்சிகீறேம்மா. வூட்டுல கீறவங்களும் பாக்கணும்ல?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"நைனா! கேமராவுக்கு ரோடே தெரில, என் மூஞ்சிதான் தெரியுது!"

"உன் மூஞ்சிக்கு இன்னா கொறச்சல்?" என்றார் அப்பாவு.

கயிற்றை அறுக்கக் கத்தி தேடியபோது போன் அடித்தது. மும்பை அதிகாரி.

"கப்பல் கம்பெனித் தலைவர் திடீரென்று ராஜினாமா செய்துவிட்டார். பங்கு அறுந்து விழுந்துவிட்டது. எங்கள் மேதைகள் அத்தனை பேரும் ஏறும் என்றார்கள். நீங்கள் மட்டும் எப்படி?"

பொய் சொல்லலாம். திங்கட்கிழமையே பல்லிளித்துவிடும்.

"சார், வேலை கிடைத்துவிட்டதாக அப்பா பேனர் கட்டிவிட்டார். அது கேமராவை மறைத்துவிட்டது. அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் மும்பையே குலுங்குமளவு சிரிப்பு.

"பேனராம்! என்னிடமே ரகசியத்தை விடமாட்டேன் என்கிறீர்களே, இந்த அழுத்தம்தான் எங்களுக்கு வேண்டும். திங்கட்கிழமை சேர்ந்துவிடுங்கள். அந்த ஏற்பாட்டில் மட்டும் ஒரு நூலைக்கூட மாற்றக் கூடாது."

"இன்னாவாம் கண்ணு?"

"வேலை குட்த்துட்டாங்க நைனா. பேனர அவுக்கக் கூடாதாம்."

அப்பாவு ஸ்டானிஸ்லாஸின் முதுகில் ஓங்கித் தட்டினார். "பாத்தியா மாமு? உன் டிசைனு மும்பை வரிக்கும் புடிச்சிப்போச்சி!"

கீழே லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. கேமரா அவளுடைய சிரிப்பையே உற்றுப் பார்த்து, திங்கட்கிழமைக்கும் சேர்த்துப் பூஜ்யம் எண்ணத் தொடங்கியிருந்தது.