தட்டைத் தலையும் மாமனாரும்

தையல்காரி தன் கைக்குழந்தைக்குத் தைத்த தொப்பியை இரண்டு தரம் பிரித்துத் தைத்தும் அது ஒரு பக்கமாகவே சரிந்தது. அளவில் பிழையில்லை. பிள்ளையை மடியில் வைத்து மேலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: பின்மண்டையின் வலப்பக்கம் தட்டையாக இருந்தது.

அன்றைக்குப் பிடித்தது அவளுக்குத் தலைவலி. அண்ணி நடுவில் குழிவிட்ட தலையணை ஒன்றை வாங்கிவந்து நீட்டினாள். கீழ்வீட்டுக்காரி, உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் சரியாகிவிடும் என்றாள். கணவனோ முடி வளர்ந்தால் மறைந்துவிடும் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப்போனான்.

அவள் தூக்கிப்போய்க் காட்டியபோது மருத்துவர் பிள்ளையின் கழுத்தை இரு பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்த்தார். கழுத்துத் தசை இறுகியிருப்பதால் அவன் எப்போதும் வலப்பக்கமே திரும்பிப் படுக்கிறான், இளமண்டை அங்கே அமுங்குகிறது என்றார். பயப்பட ஒன்றுமில்லை. தலையணையும் கூடாது, அழுத்தவும் கூடாது. தூங்கும்போது மல்லாத்தித்தான் போட வேண்டும். விழித்திருக்கும்போது பக்கத்திலேயே இருந்து அடிக்கடி குப்புறப் போட வேண்டும். கழுத்துக்கான பயிற்சியையும் செய்து காட்டி அனுப்பினார்.

கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. குப்புறப் போட்டதும் பிள்ளை வீடே இடிந்து விழுந்ததுபோல் அலறினான். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநரான மாமனார் எங்கிருந்தாலும் ஓடிவந்து தூக்கிவிடுவார். அவள் போடுவாள், அவர் தூக்குவார். கெஞ்சினாள், விளக்கினாள், கதவைத் தாழிட்டும் பார்த்தாள். அவர் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் அவள் பொறுமை அறுந்தது.

“மாமா, நீங்க தூக்கினா அழுகைதான் நிக்கும். தலை அப்படியேதான் இருக்கும். தூக்காம இருக்க முடியலைன்னா நீங்களும் அவன்கூடக் குப்புறப் படுங்க.”

எரிச்சலில் வாய் தவறி வந்ததுதான். அவரோ உடனே பிள்ளைக்கு எதிரே குப்புறப் படுத்துவிட்டார். தொந்தி இடிக்க, மூச்சு வாங்க, லாரி ஹாரனைப்போல் வாயால் ஒரு சத்தம் எழுப்பினார். அழுகை பாதியில் நின்றது. பிள்ளை தலையைத் தூக்கினான், ஆட்டம் கண்டு தொப்பென்று போட்டான், மறுபடி தூக்கினான்.

“அவனுக்கு இடப்பக்கமா நகருங்க மாமா,” என்றாள் அவள், குரல் இறங்கி.

அவர் ஊர்ந்தார். இறுகிய கழுத்து அவரைத் தேடி மெல்லத் திரும்பியது.

மாதங்கள் போகப்போகத் தலை உருண்டு வந்தது. உற்றுப் பார்த்தால் மட்டும் லேசான சரிவு தெரியும். ஆனால் தினமும் அவனோடு குப்புறப் படுத்த மாமனாருக்குத் தானாக எழ வரவில்லை. தையலைப் போட்டுவிட்டு வந்து இருவரையும் தூக்கிவிடும் வேலை அவள் தலையில் விழுந்தது.